லண்டன்–நியூயார்க் வழியில் பிசினஸ் கிளாஸ் மட்டும்: மூன்று நிறுவனங்கள் ஏன் கவிழ்ந்தன, பாரிஸ் வழியில் ஒன்று எப்படி நிற்கிறது?

கேள்வி இதுதான்: அட்லாண்டிக்கைத் தாண்டும் வழிகளில் பெரிய விமான நிறுவனங்களுக்கு லாபமே பிசினஸ் கிளாஸில்தான் வருகிறது என்கிறார்கள். அப்படியானால் எகானமியே இல்லாமல், விமானம் முழுக்க பிசினஸ் கிளாஸ் வைத்து, கட்டணத்தையும் பாதியாகக் குறைத்து ஓட்டினால் பணம் கொட்ட வேண்டுமே? முயன்றவர்கள் ஏன் ஒருவர் பின் ஒருவராகக் கடையைக் கட்டினார்கள்?

சுருக்கமான பதில்: அவர்கள் நல்ல இருக்கையை விற்றார்கள். அந்த வழியில் அதிகப் பணம் கொடுக்கும் பயணிக்குத் தேவைப்பட்டது நேர அட்டவணை. எண்ணெய் விலையைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். உயிரை எடுத்தது அதுதான், ஆனால் நோய் அதற்கு முன்பே இருந்தது.

யோசனை எங்கிருந்து வந்தது

2003-இல், ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் ஓய்வுபெற்றது. மே மாதம் ஏர் பிரான்ஸும் அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் அதை நிறுத்தின. நூறு பேர் உட்காரும் அந்த விமானத்தில் போய்வந்த கூட்டம் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வேலையில்லாமல் நின்ற போயிங் 757, 767-200 விமானங்கள் மலிவான குத்தகைக்குக் கிடைத்தன. லண்டனின் முக்கிய விமான நிலையமான ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்கு, கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய பிசினஸ் டிக்கெட்டின் விலையோ பல ஆயிரம் பவுண்டு.

விலை அப்படி எகிறி நின்றதற்குக் காரணம் ‘பெர்முடா 2’ என்ற ஒப்பந்தம். 1977-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்டது. அதன்படி ஹீத்ரோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஓட்டும் உரிமை நான்கே நிறுவனங்களுக்கு: பிரிட்டிஷ் ஏர்வேஸ், வர்ஜின் அட்லாண்டிக், அமெரிக்கன், யுனைடெட். மற்ற யார் வந்தாலும் கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று வெளிவட்டத்தில்தான் இறங்க வேண்டும். புதியவர்கள் ஸ்டான்ஸ்டெட்டுக்கும் லூட்டனுக்கும் போனது விருப்பத்தால் அல்ல.

முதலில் வந்தது ஈஓஎஸ். 2005 அக்டோபரில் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குத் தொடங்கியது. அதன் நிறுவனர் டேவிட் ஸ்பர்லாக் பிரிட்டிஷ் ஏர்வேஸில் வேலை பார்த்தவர். சாதாரணமாக 180 முதல் 200 பேர் வரை அடைக்கும் போயிங் 757-இல் வெறும் 48 இருக்கைகள். ஒருவருக்கு 21 சதுர அடி இடம். எதிரே இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிடலாம். சில நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, மேக்ஸ்ஜெட் அதே ஸ்டான்ஸ்டெட்–ஜேஎஃப்கே வழியில் இறங்கியது. 767-200 விமானம், 102 இருக்கை. நன்றாகச் சாயும், ஆனால் முழுதாகப் படுக்கையாகாது. அதற்கேற்ப விலையும் குறைவு. மூன்றாவது சில்வர்ஜெட், 2007 ஜனவரியில் லூட்டனிலிருந்து நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கு. அதுவும் 767-200, நூறு படுக்கை இருக்கைகள். லூட்டனில் தனி முனையம் வைத்திருந்தது, பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை வைத்தது. தொடக்கக் கட்டணம் இருவழிக்கு 999 பவுண்டு. அதே மாதம் பாரிஸ் ஓர்லியிலிருந்து லாவியோன் என்ற பிரெஞ்சு நிறுவனமும் 90 இருக்கை 757-உடன் நியூவர்க்குக்குப் பறக்கத் தொடங்கியது.

முடிவுகளையும் சொல்லிவிடலாம். மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், திவால் மனு போட்டு நின்றது. ஈஓஎஸ் 2008 ஏப்ரல் கடைசியில் நின்றது. சில்வர்ஜெட் ஒரு மாதம் கழித்து, மே 30-இல். லாவியோனை மட்டும் அந்த ஜூலையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 54 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டது. ஐந்தே மாதத்தில் லண்டனின் மூன்று நிறுவனங்களும் போய்விட்டன.

எரிபொருள் கணக்கு

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 757 ஒன்று மணிக்கு ஏறத்தாழ மூன்றரை டன் எரிபொருள் குடிக்கும். லண்டன்–நியூயார்க் ஒருவழி ஏழரை மணி நேரம் என்று வைத்தால் 26 டன், அதாவது 8,600 அமெரிக்க கேலன். 2007 தொடக்கத்தில் கேலன் இரண்டு டாலரை ஒட்டி இருந்த ஜெட் எரிபொருள், 2008 நடுவில் நான்கு டாலரைத் தொட்டது. கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் போனது அந்த ஜூலையில்தான். ஆக ஒரு பயணத்துக்குக் கூடுதல் செலவு 17,000 டாலர். 48 இருக்கையில் 34 பேர் ஏறியிருந்தால், தலைக்கு 500 டாலர், இருவழிக்கு ஆயிரம்.

பக்கத்தில் போட்டியாளரின் போயிங் 777-ஐ வையுங்கள். அது மணிக்கு ஏழு டன் குடிக்கும், எனவே கூடுதல் செலவு இரண்டு மடங்கு, 34,000 டாலர். ஆனால் உள்ளே 180 பேர். தலைக்கு 190 டாலர்கூட வராது. அதையும் எல்லோர் தலையிலும் சமமாகப் போட வேண்டியதில்லை. எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று பிசினஸ் டிக்கெட்டில் ஏற்றிவிடலாம், அந்த டிக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. போதாததற்கு 777-இன் வயிற்றில் பத்து டன்னுக்கு மேல் சரக்கும் போகும். 757-இன் குறுகலான வயிற்றில் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால்தான் அடுக்க வேண்டும், கொள்கலன் நுழையாது. சரக்கு வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதில் சின்ன ஆறுதல் ஒன்று. ஆள் குறைவாக ஏற்றியதால் இந்த விமானங்கள் இலகுவாக இருந்தன. குளிர்காலத்தில் எதிர்க்காற்று பலமாக வீசும்போது, நிறைய ஆள் ஏற்றிய 757-கள் மேற்கே போகும் வழியில் கனடாவில் இறங்கி எரிபொருள் போட வேண்டிவந்த நாட்கள் உண்டு. 48 பேர் விமானத்துக்கு அந்தச் சிக்கல் அரிது.

ஆனால் 2006-இல் எண்ணெய் அப்படி ஏறவில்லை. அப்போது பறந்த ஈஓஎஸ்ஸும் மேக்ஸ்ஜெட்டும் லாபத்தைப் பார்க்கவில்லை. ஆகவே உண்மையான காரணத்துக்கு வருவோம்.

வங்கிக்காரர் என்ன வாங்குகிறார்

பிசினஸ் டிக்கெட்டுக்கு முழு விலை கொடுப்பவர் யார் என்று பாருங்கள். லண்டனில் வங்கி, சட்ட நிறுவனம், ஆலோசனை நிறுவனம் ஆகியவற்றின் ஊழியர். கூட்டம் மூன்று மணிக்கு முடியும் என்று நினைத்திருப்பார், ஆறு மணிக்கு முடியும். ஹீத்ரோ–ஜேஎஃப்கே வழியில் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏழெட்டு விமானம். தவறினால் அடுத்ததில் ஏறிக்கொள்வார். ஈஓஎஸ்ஸிலோ சில்வர்ஜெட்டிலோ தவறினால் பல மணி நேரக் காத்திருப்பு, சில நாட்களில் மறுநாள்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் போகும் தடத்தில், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஏசி வண்டி விட்டால் எத்தனை பேர் அதற்காகக் காத்திருப்பார்கள்? இருக்கை எவ்வளவு மெத்தையாக இருந்தாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு அது இரண்டாம்பட்சம்.

அடுத்தது கார்ப்பரேட் ஒப்பந்தம். வெளியே பெரிதாகப் பேசப்படாத விஷயம் இது, ஆனால் இதுதான் கோட்டைச் சுவர். பெரிய வங்கி ஒன்று விமான நிறுவனத்தோடு ஆண்டு ஒப்பந்தம் போடும்போது வெறும் தள்ளுபடி பேசுவதில்லை, பங்கு பேசுகிறது. ‘லண்டனிலிருந்து நாங்கள் பறக்கும் மொத்தத்தில் இத்தனை சதவீதம் உங்களிடம் தருகிறோம், அதற்கு ஃபிராங்ஃபர்ட், ஹாங்காங், நியூயார்க் எல்லாவற்றிலும் இத்தனை சதவீதம் குறையுங்கள்.’ ஊழியர்கள் நியூயார்க்குக்குப் புதிய நிறுவனத்தில் பறக்கத் தொடங்கினால் அந்தப் பங்கு இறங்கும். ஹாங்காங் டிக்கெட்டின் தள்ளுபடியும் கூடவே போகும். நியூயார்க் டிக்கெட்டில் ஆயிரம் பவுண்டு மிச்சம் பிடித்து மற்ற ஊர்களில் அதைவிட அதிகம் இழக்க எந்தப் பயணப் பொறுப்பாளரும் கையெழுத்துப் போடமாட்டார். ஒரே வழியில் ஓடும் நிறுவனத்தால் இதற்கு எதிராகக் கொடுக்க எதுவும் இல்லை.

மூன்றாவது மைலேஜ் புள்ளிகள். டிக்கெட்டுக்குக் காசு கம்பெனியுடையது, புள்ளி பயணியுடையது. அந்தப் புள்ளியில்தான் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறார். கம்பெனிக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கத் தன் விடுமுறையை விட்டுக்கொடுப்பவர் குறைவு. கட்டணம் பாதி என்ற விளம்பரம், கட்டணத்தைப் பற்றிக் கவலையே படாத ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

பழைய நிறுவனங்களும் கைகட்டி நிற்கவில்லை. 2007 அக்டோபரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தானும் ஸ்டான்ஸ்டெட்–ஜேஎஃப்கே வழியில் இறங்கியது. ஹீத்ரோவில் அத்தனை விமானம் வைத்திருந்த நிறுவனம் ஸ்டான்ஸ்டெட்டுக்கு ஏன் வந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஈஓஎஸ், மேக்ஸ்ஜெட் இரண்டும் போன பிறகு, 2008 ஜூலையில் அந்த வழியை விட்டுவிட்டது.

அதே 2008 மார்ச் 30-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான ‘ஓப்பன் ஸ்கைஸ்’ ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பெர்முடா 2 செத்தது. ஹீத்ரோ கதவு திறந்ததும் டெல்டா, கான்டினென்டல் எல்லாம் உள்ளே வந்தன. கான்டினென்டல் நான்கு ஜோடி ஸ்லாட்டுக்கு மட்டும் 209 மில்லியன் டாலர் கொடுத்தது. ஸ்லாட் என்பது அந்த ஓடுபாதையில் குறிப்பிட்ட நேரத்தில் இறங்கவும் ஏறவும் உள்ள உரிமை. ஒரு சின்ன நிறுவனத்தின் மொத்த மூலதனத்தையும் விழுங்கிவிடும் தொகை அது. ஆகவே சட்டத் தடை போனதும் விலைத் தடை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. சின்னவர்கள் ஸ்டான்ஸ்டெட்டிலும் லூட்டனிலுமே கிடந்தார்கள், போட்டி மட்டும் கூடியது.

ஒரு விமானம் பழுதானால்

ஐம்பது விமானம் வைத்திருப்பவருக்கு ஒன்று பழுதானால் மாற்று உண்டு. மூன்று வைத்திருப்பவருக்கு ஒன்று பழுதானால் அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. 767-200 அந்தக் காலத்திலேயே இருபது வயதுக் கிழம். பழுது வராமல் இருக்காது. ரத்தான பயணிகளை வேறு நிறுவனத்தில் ஏற்ற வேண்டும். ஆனால் மற்ற நிறுவனங்களோடு டிக்கெட் பரிமாற்ற ஒப்பந்தம் இல்லாததால் அன்றைய முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். நீங்கள் 999 பவுண்டுக்கு விற்ற இருக்கைக்கு எதிராளியிடம் அதன் பல மடங்கு கொடுப்பீர்கள். ஒரு நாள் பழுது ஒரு வார லாபத்தைச் சாப்பிடும்.

பருவமும் பகை. வங்கிக்காரர் ஆகஸ்டில் பறப்பதில்லை, டிசம்பர் கடைசி இரண்டு வாரமும் பறப்பதில்லை. கலப்பு விமானத்தில் அந்த நாட்களில் எகானமி நிரம்பி வழியும், சுற்றுலாக் குடும்பங்கள் பிசினஸ் கிளாஸில் புள்ளி கொடுத்து ஏறும். முழுக்க பிசினஸ் விமானத்தில் அந்த மாதங்கள் வெறும் குத்தகைச் செலவுதான். மேக்ஸ்ஜெட் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நின்றது தற்செயல் என்று தோன்றவில்லை.

கடைசி அடி பெரும்பாலும் கடன் அட்டை நிறுவனங்களிடமிருந்து வரும். நீங்கள் மூன்று மாதம் முன்பே டிக்கெட் வாங்குகிறீர்கள். அந்தப் பணத்தில்தான் சின்ன நிறுவனம் இன்றைய எரிபொருளை நிரப்புகிறது. நிறுவனம் ஆட்டம் காண்கிறது என்று வாசம் பிடித்ததும், அட்டைப் பணத்தைக் கைமாற்றும் வங்கி, பயணம் முடியும்வரை தொகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே வாரத்தில் கையிருப்பு வற்றிவிடும். 2008 ஏப்ரலில் அமெரிக்காவில் ஃபிரன்டியர் என்ற சாதாரண நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டதற்கு நேரடிக் காரணமே இப்படி அட்டைப் பணம் பிடிக்கப்படும் என்ற அறிவிப்புதான். விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுவனம் சாகும் விதம் இது.

பெரியவர்கள் செய்தபோது

முழு பிசினஸ் விமானம் என்ற கருத்தே தவறு என்று முடிவுகட்டுமுன் இதையும் பார்க்க வேண்டும். லுஃப்தான்சா 2002-இலேயே டுசெல்டார்ஃப்–நியூவர்க் வழியில் 48 இருக்கை விமானத்தை ஓட்டியது. ஓட்டிக் கொடுத்தது ஸ்விட்சர்லாந்தின் ப்ரைவட்ஏர். பிறகு ஸ்விஸ், சூரிக்–நியூவர்க் வழியிலும், கேஎல்எம், ஆம்ஸ்டர்டாம்–ஹூஸ்டன் வழியிலும் அதே ஏற்பாட்டைச் செய்தன. ஹூஸ்டன் ஏன் என்றால் எண்ணெய்க் கம்பெனிகள். இவர்களிடம் கார்ப்பரேட் ஒப்பந்தமும் மைலேஜும் ஏற்கெனவே இருந்தன; சின்ன விமானம் பழுதானால் ஃபிராங்ஃபர்ட் வழியாக அனுப்பிவிடலாம்.

இதில் பேர்போனது பிரிட்டிஷ் ஏர்வேஸின் லண்டன் சிட்டி விமானம். 2009 செப்டம்பரில் தொடங்கியது. கான்கார்டின் பழைய எண்ணான பிஏ 001-ஐ அதற்குக் கொடுத்தார்கள். ஏர்பஸ் ஏ318 விமானம், 32 படுக்கை இருக்கை. வங்கிகள் இருக்கும் கேனரி வார்ஃபிலிருந்து லண்டன் சிட்டி விமான நிலையம் கூப்பிடு தூரம். ஆனால் ஓடுபாதை 1,508 மீட்டர்தான், இறங்கும் கோணம் 5.5 டிகிரி, வழக்கமாக அது 3 டிகிரி. அத்தனை குட்டை ஓடுபாதையில் நியூயார்க்வரை தேவையான எரிபொருளோடு எழும்ப முடியாது. அதனால் அரை டாங்க்கோடு கிளம்பி, அயர்லாந்தின் ஷானனில் இறங்கி நிரப்பினார்கள். அங்கேதான் சாமர்த்தியம்: ஷானனில் அமெரிக்கக் குடிவரவு, சுங்கச் சோதனை இரண்டும் முன்கூட்டியே முடியும். எரிபொருள் ஏறும் முக்கால் மணி நேரத்தில் பயணிகள் அதை முடித்துக்கொண்டு ஜேஎஃப்கேயில் உள்நாட்டுப் பயணிபோல வெளியேறினார்கள். திரும்பும்போது காற்று பின்னால் தள்ளுவதால் நேராகவே வந்துவிடும்.

பத்தாண்டுக்கு மேல் ஓடியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது, அந்தக் கோடையிலேயே இனி வராது என்று அறிவித்துவிட்டார்கள். ப்ரைவட்ஏர் அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், திவாலாகியிருந்தது. ஆக, கோட்டைக்குள் இருந்தவர்கள் இதைச் செய்தால் ஓடும். ஆனால் அவர்களுக்கும் இது கூடுதல் வசதிதான், தனித் தொழில் அல்ல. ஹீத்ரோ–ஜேஎஃப்கே என்ற ஒரே வழியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2018–19-இல் 115 கோடி டாலருக்கு மேல் வருமானம் பார்த்தது என்பது ஓஏஜி என்ற விமானத் தரவு நிறுவனத்தின் கணக்கு. அந்த வழியைக் காப்பாற்ற 32 இருக்கை விமானம் ஒன்றை நட்டத்தில் ஓட்டினால்கூட வலிக்காது.

லா கம்பனி தப்பிய விதம்

லாவியோனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிரான்ட்ஸ் இவ்லான்தான் 2014 ஜூலையில் பறக்கத் தொடங்கிய லா கம்பனி என்ற முழு பிசினஸ் விமான நிறுவனத்தின் நிறுவனர்களிலும் ஒருவர். பாரிஸ்–நியூவர்க், 74 இருக்கை 757. மறுவருடம் லூட்டன்–நியூவர்க் வழியையும் சேர்த்தார்கள். சில்வர்ஜெட் செத்த அதே ஜோடி! 2016 செப்டம்பரில் அதை மூடினார்கள். பிரெக்ஸிட் வாக்கெடுப்பைக் காரணம் காட்டினார்கள், பவுண்டு விழுந்ததும் உண்மை. ஆனால் மேலே சொன்ன எல்லாக் காரணங்களும் லூட்டனில் அப்படியே காத்திருந்தன. அந்த வழியை விட்டதுதான் அவர்கள் எடுத்த மிக நல்ல முடிவு.

பிழைத்ததற்குக் காரணங்கள் மூன்று என்பேன், முதலாவதுதான் பெரியது. அவர்கள் வங்கிக்காரரைத் துரத்துவதை விட்டுவிட்டார்கள். அவர்களிடம் வாங்குவது சொந்தத் தொழில் செய்பவர், சின்ன நிறுவனத்தின் முதலாளி, ஓய்வுபெற்ற வசதியான தம்பதி, திருமண நாள் கொண்டாடப் போகிறவர். சொந்தக் காசு கொடுப்பவருக்கு விலை உறைக்கும். நாளுக்கு ஒரு விமானம் என்பது பொருட்டல்ல, விடுமுறை தேதி முன்பே முடிவாகிவிட்டது. பருவமும் தலைகீழாக மாறியது: ஆகஸ்ட் இப்போது நல்ல மாதம். கோடையில் நீஸ், 2022 முதல் மிலன் என்று அவர்கள் சேர்த்த ஊர்களைப் பாருங்கள். சுற்றுலாவும் ஃபேஷனும் உள்ள ஊர்கள். மிலன், நீஸிலிருந்து நியூயார்க்குக்கு நேர் விமானங்கள் பாரிஸ், லண்டன் அளவுக்கு இல்லை.

இரண்டாவது, 2019-இல் சேர்த்த இரண்டு ஏர்பஸ் ஏ321நியோ. 757-ஐவிட எரிபொருள் கால்பங்குக்கு மேல் மிச்சம். 76 இருக்கையும் முழுப் படுக்கை. பழைய 757-இல் சாய்வாகச் சறுக்கும் இருக்கை இருந்தது. மூன்றாவது, பெருந்தொற்றில் மற்றவர்கள் பெரிய விமானங்களைக் கட்டி இழுத்தபோது இவர்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 2021-இல் திரும்பினார்கள். இரண்டே விமானம் என்பது பழுதான நாளில் சாபம், ஊரே அடைத்திருந்த காலத்தில் வரம்.

ஜெட்புளூ: வேறொரு விடை

2021 ஆகஸ்டில் ஜேஎஃப்கே–ஹீத்ரோ வழியில் இறங்கிய அமெரிக்க நிறுவனமான ஜெட்புளூ இந்தப் புதிருக்கு வேறு விடை வைத்திருந்தது. ஏ321எல்ஆர் விமானத்தில் மொத்தம் 138 இருக்கை: முன்னால் ‘மின்ட்’ என்ற பிசினஸ் கிளாஸில் 24 அறைகள், பின்னால் 114 எகானமி. மின்ட் தொடக்கக் கட்டணம் இருவழிக்கு 1,979 டாலர். ஒவ்வொரு மின்ட் இருக்கைக்கும் கதவு, ஒவ்வொன்றிலிருந்தும் நேராக நடைபாதை. 24 இருக்கையை நிரப்புவது 76-ஐ நிரப்புவதைவிட எளிது, நிரம்பாத நாளில் எகானமி எரிபொருளுக்குப் பணம் கொடுக்கும். நியூயார்க், பாஸ்டன் பயணிகளிடம் மைலேஜ் உறவு ஏற்கெனவே உண்டு. முழு பிசினஸ் நிறுவனங்களுக்கு இனி உண்மையான எதிரி பழைய பெரியவர்களைவிட இந்தக் கலப்பு ஒற்றை நடைபாதை விமானம்தான் என்பது என் கணிப்பு.

பெரியவர்கள் 2009–10 முதல் மூன்று அணியாகச் சேர்ந்து போட்டிச் சட்ட விலக்கோடு விலையும் அட்டவணையும் ஒன்றாக வகுக்கிறார்கள்: பிரிட்டிஷ் ஏர்வேஸ்–அமெரிக்கன் அணி, டெல்டா–ஏர் பிரான்ஸ்–கேஎல்எம் அணி (வர்ஜின் பின்னால் சேர்ந்தது), யுனைடெட்–லுஃப்தான்சா அணி. அட்லாண்டிக் இருக்கைகளில் மிகப் பெரும் பங்கு இவர்களிடம். ஜெட்புளூ, லா கம்பனி போன்ற வெளியாள் ஒரு வழியில் இருந்தால் மட்டும் அந்த வழியின் பிசினஸ் விலை சற்றே மனிதத்தன்மையோடு இருக்கும்.

வாங்குபவருக்கு

இருக்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். லா கம்பனியில் 2-2 அமைப்பு, அதாவது நடைபாதையின் இருபுறமும் இரண்டிரண்டு இருக்கை. ஜன்னல் பக்கம் படுத்தால் இரவில் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும். தம்பதிக்குப் பிரச்சினையில்லை, தனியாகப் போகிறவர் நடைபாதை இருக்கை எடுக்கட்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் 2019-இல் வந்த கதவு வைத்த ‘கிளப் ஸ்வீட்’ பிசினஸ் இருக்கை எல்லா விமானத்திலும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2000-இல் வந்த, எதிரும்புதிருமாகப் படுக்கும் பழைய அமைப்பு சில விமானங்களில் நெடுநாள் தொடர்ந்தது. டிக்கெட் போடுமுன் விமான வகையைச் சரிபாருங்கள்.

வரி அடுத்தது. பிரிட்டனிலிருந்து கிளம்பினால் விமானப் பயணி வரி. இருக்கை இடைவெளி 40 அங்குலத்துக்கு மேல் போனால் உயர் விகிதம். 2025 ஏப்ரலிலிருந்து ஓராண்டுக்கு அமெரிக்காவுக்கு அது 216 பவுண்டு, எகானமியில் 90. டப்ளினிலிருந்து தொடங்கி, ஒரே டிக்கெட்டில் லண்டனில் 24 மணி நேரத்துக்குள் மாறினால் அந்த வரி இல்லை, அடிப்படைக் கட்டணமும் பெரும்பாலும் குறைவு. டப்ளின்–லண்டன் என்ற முதல் துண்டை மட்டும் விட்டுவிட்டு லண்டனில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். முதல் துண்டில் ஏறாவிட்டால் மொத்த டிக்கெட்டும் ரத்தாகும். பிரான்சும் 2025 மார்ச்சில் வரியை ஏற்றியது. தொலைதூர பிசினஸ் கிளாஸுக்கு 120 யூரோ.

தாமத இழப்பீட்டில் ஒரு நுணுக்கம். ஐரோப்பிய விதி 261-இன்படி 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ, மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் என்றால் பாதி. இயந்திரப் பழுது பொதுவாக விலக்குக்குக் காரணமாகாது, வானிலை ஆகும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் இது உண்டு. திரும்பி ஐரோப்பாவுக்கு வரும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே. ஆகவே லா கம்பனியில் இரு திசையிலும் பாதுகாப்பு. ஜெட்புளூவில் லண்டன்–நியூயார்க் திசைக்குப் பிரிட்டனின் இணையான விதி உண்டு, நியூயார்க்–லண்டன் திசைக்கு இல்லை. நாளுக்கு ஒரு விமானம் ஓட்டும் நிறுவனத்தில் இது அலங்காரப் பேச்சல்ல.

சின்ன நிறுவனம் என்றால் கடன் அட்டையில் வாங்குங்கள், டெபிட்டில் வேண்டாம். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள டிக்கெட்டைக் கடன் அட்டையில் வாங்கினால், விற்றவர் மூழ்கினாலும் சட்டப்படி அட்டை நிறுவனம் பொறுப்பு. 2008-இல் டிக்கெட்டும் கையுமாக நின்றவர்களில் பணம் திரும்பப் பெற எளிய வழி இருந்தது இப்படி வாங்கியவர்களுக்குத்தான்.

இந்தியாவிலிருந்து பாரிஸ் வழியாக லா கம்பனியைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: டெல்லி, மும்பை விமானங்கள் சார்ல்ஸ் த கோல் நிலையத்தில் இறங்கும், லா கம்பனி கிளம்புவது நகரத்தின் மறுகோடியில் உள்ள ஓர்லியிலிருந்து. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இடையில் ஊருக்குள் வர ஷெங்கன் விசா வேண்டும், பெட்டியை நீங்களே எடுத்துப் போக வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பில்லை. அப்படிச் செய்வதானால் பாரிஸில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். மிச்சமான பணத்தில் விடுதிச் செலவையும் கழித்துப் பார்த்த பிறகே அது மலிவா என்று தெரியும்.